ரப்பர் பேண்ட் மேஜிக்: தாவுவதா, ஊடுருவுவதா, ஏறுவதா?

ரப்பர் பேண்டை வைத்துக் கிட்ட நின்று செய்யும் வித்தைகளைக் கற்க ஆசைப்படுபவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வித்தைகள் வந்து நிற்கும். இரண்டு விரலில் மாட்டிய பேண்ட் பக்கத்து இரண்டு விரலுக்குத் தாவுவது ஒன்று. கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொண்ட இரண்டு பேண்டுகள் ஒன்றை ஒன்று ஊடுருவிப் பிரிவது இன்னொன்று. அறுத்து நீட்டிப் பிடித்த பேண்டில் மோதிரம் தானாக மேலேறுவது மூன்றாவது. எதில் தொடங்கலாம் என்று கேட்டால், சுலபமானதில் தொடங்குங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சுலபமானது தாவும் பேண்ட். பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில் பேண்டை மாட்டிக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குப் புறங்கைதான் தெரிய வேண்டும். உள்ளங்கைப் பக்கம் பேண்டை மற்றக் கையால் கொஞ்சம் இழுத்து, விரல்களை மடக்கும்போது நான்கு நுனிகளையும் அதற்குள் விட்டுவிடுங்கள். அப்புறம் கையை விரித்தால் போதும், பேண்ட் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போய் உட்கார்ந்துவிடும். ரப்பரின் இழுவையே எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது.

இதன் பலமும் அதுதான், குறையும் அதுதான். ரப்பரே வேலை செய்வதால் கை எதையும் கற்றுக்கொள்வதில்லை. பக்கவாட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலே உள்ளங்கை தெரிந்துவிடும். என் அக்கா மகளுக்கு இதை மூன்று தடவை காட்டினேன். நான்காவது தடவை அவள் கேட்டது: "மாமா, இப்போ கையை மூடாமப் பண்ணுங்க." ரகசியம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகத் தொட்டுவிட்டாள். விரல் நுனிகளில் இன்னொரு பேண்டை முறுக்கி முறுக்கி வேலிபோல மாட்டினால் இந்த வித்தைக்குக் கொஞ்சம் கனம் வரும். வேலியைத் தாண்டிப் போனதுபோலத் தெரியும். உண்மையில் நுனிகள் வேலியோடு சேர்ந்தே பேண்டுக்குள் போய்விடுகின்றன என்பதால் நமக்குக் கூடுதல் வேலை எதுவும் கிடையாது.

ஊடுருவும் பேண்டுகள் வேறு ரகம். மேஜிக் உலகில் இதற்குக் 'கிரேஸி மேன்ஸ் ஹேண்ட்கஃப்ஸ்' என்று பெயர். இதைப் பரவலாக்கியவர் அமெரிக்க மேஜிக் கலைஞர் மைக்கேல் அம்மார். ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு பேண்ட். இரண்டும் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. இழுக்கிறோம், வரவில்லை. மறுபடி இழுக்கிறோம், வரவில்லை. பிறகு மெல்லத் தேய்க்கத் தேய்க்க, வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவதுபோல ஒன்று மற்றொன்றுக்குள் கரைந்து வெளியே வருகிறது. இரண்டையும் அப்படியே பார்ப்பவர் கையில் கொடுத்துவிடலாம், சோதிக்க ஒன்றும் இருக்காது.

எனக்கு இது சரியாக வர மூன்று வாரம் ஆனது, தினமும் கால் மணி நேரம். பேண்டைத் தாங்கும் விரல் ரகசியமாக மாறும் அந்த ஒரு நொடியை இரண்டு நாளில் கற்றுவிட்டேன். மீதி நாள் முழுவதும் இரண்டு தவறுகளைத் திருத்துவதிலேயே போனது. ஒன்று சத்தம். விரல் மாறும்போது பேண்டில் இழுவை கூடினாலோ குறைந்தாலோ 'டப்' என்று ஒரு சின்ன ஓசை வரும். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. விரல் மாறும் வரைக்கும், மாறிய பிறகும் இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள தூரம் இம்மியும் மாறக் கூடாது. அப்படிப் பழகினால் ஓசை நின்றுவிடும். இரண்டாவது தவறு கண் சிமிட்டுவது. கண்ணாடி முன்னால் பழகுபவர்கள் ரகசியம் நடக்கும் நொடியில் தங்களை அறியாமல் கண்ணை மூடித் திறப்பார்கள், அதனால் அந்தத் தவறு அவர்களுக்கே தெரியாது. போனில் படம் பிடித்துப் பார்த்த அன்றுதான் எனக்கும் தெரிந்தது. கண்ணாடியா கேமராவா என்றால் தயங்காமல் கேமரா.

இந்த வித்தையைப் படித்துக் கற்பது கஷ்டம். எந்த விரல் எந்த இழையின் பின்னால் போகிறது என்று எழுத்தில் சொல்லும்போதே குழம்பிவிடும். வீடியோவில், அதுவும் செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்ததில், ஒரே தடவையில் புரிந்துவிடும். ஆனால் பேச்சும் நிதானமும் வீடியோவிலிருந்து வருவதில்லை. அடுத்தவர் பேசியதையே பேசி, அவர் வேகத்திலேயே செய்யப் பழகிவிடுகிறோம்.

மூன்றாவது, ஏறும் மோதிரம். மூன்றில் அதிகம் வாயடைக்க வைப்பது இதுதான், ஏனென்றால் மோதிரம் பார்ப்பவருடையது. சாய்வாகப் பிடித்த ரப்பரில் அது மேடேறிப் போகும்போது யாரும் பேசுவதில்லை. சூட்சுமம் எளிமையானது. ரப்பரின் பெரும்பகுதி இழுபடாமல் கீழ்க்கைக்குள் மறைந்திருக்கும். அதை விரலிடுக்கில் நூல் நூலாக விட்டால், இழுபட்டிருந்த பகுதி மேல்நோக்கிச் சுருங்கும், தன்மேல் இருக்கும் மோதிரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். மோதிரம் ரப்பரின்மேல் நகர்வதே இல்லை. ஆனால் சீராக விடத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் மோதிரம் துள்ளும், கை வியர்த்தால் ரப்பர் வழுக்கும். ஒவ்வொரு பேண்டையும் அறுக்க வேண்டும் என்பதும் உண்டு. மேசைமேல் துணி விரித்துப் பழகுங்கள், அடுத்தவர் மோதிரம் தரையில் உருளக் கூடாது.

பேண்ட் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மேஜிக் செய்பவர்கள் அதிகம் சொல்வது 19-ஆம் எண் அளவு: மூன்றரை அங்குல நீளம், ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு அகலம். ஊடுருவலுக்கு இரண்டு நிறத்தில் எடுங்கள், எது எதற்குள் போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெயில் படாமல் மூடிய டப்பாவில் வையுங்கள். மடித்துப் பார்க்கும்போது சின்ன வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்த பேண்ட் நேரே கண்ணுக்குத்தான் வரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் கையில் கொடுக்கவே வேண்டாம்.

சரி, எதில் தொடங்குவது? ஊடுருவலில். இழுவையைக் கட்டுப்படுத்தவும், அவசரப்படாமல் இருக்கவும், ஓசையைக் கவனிக்கவும் அது கற்றுத் தருகிறது. அந்தக் கை வந்த பிறகு மோதிரம் ஏறுவதற்கு ஒரு வாரம் போதும். தாவும் பேண்டைப் பிறகு ஒரு மாலையில் கற்றுக்கொண்டு, ஊடுருவலுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, வேலியோடு செய்து காட்டுங்கள். இன்னொரு தடவை கேட்டால், அந்த வேலிப் பேண்டையும் தாவிய பேண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அடுத்த வித்தைக்குப் போய்விடலாம்.