சிக்னல் ஆப்: ஆறு வருஷம் பயன்படுத்திய ஒரு நிருபரின் விமர்சனம்

"அந்த மெசேஜ் இருக்கா?" என்று வக்கீல் கேட்டார். இல்லை. ஒரு வாரத்தில் தானாக அழிந்துபோகும்படி டைமர் வைத்ததே நான்தான், அதுவும் எனக்குத் தகவல் தந்த ஆளுக்கு, அதாவது சோர்ஸுக்கு, பெருமையாகப் பாடம் எடுத்து. செய்தி வெளியாகி மூன்று வாரம் கழித்து அவதூறு நோட்டீஸ் வந்தது. அதற்குள் அந்த உரையாடல் என் போனிலும் இல்லை, அவர் போனிலும் இல்லை. சிக்னல் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது, நான்தான் என் வேலையைச் செய்யவில்லை. கையில் இருந்த வேறு ஆவணங்களை வைத்து எப்படியோ சமாளித்தோம், அது தனிக்கதை. ஆனால் ஆறு வருஷமாகக் கையில் வைத்திருக்கும் இந்த ஆப்பைப் பற்றி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

தெரியாதவர்களுக்காக: சிக்னல் ஒரு மெசேஜ் ஆப். இலவசம், விளம்பரம் கிடையாது, லாபநோக்கில்லாத அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. 2018-இல் அந்த அறக்கட்டளை தொடங்கியபோது, வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் 5 கோடி டாலர் போட்டார். மூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். பார்வைக்கு வாட்ஸ்அப் மாதிரியே இருப்பதால் பழகுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். உள்ளே இருக்கும் பூட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றும், சிக்னல்காரர்கள் வடிவமைத்த என்கிரிப்ஷன் முறையைத்தான் வாட்ஸ்அப் 2016-இல் தன் பயனர் எல்லாருக்கும் கொண்டுவந்தது. "அப்புறம் எதுக்கு இன்னொரு ஆப்?" என்று எங்கள் எடிட்டரே என்னைக் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் மெசேஜுக்குள் என்ன இருக்கிறது என்பது பாதி விஷயம். யார் யாரோடு எப்போது எத்தனை தடவை பேசினார்கள் என்பது மீதிப் பாதி, ஒரு சோர்ஸைக் கண்டுபிடிக்க அந்த மீதிப் பாதி தாராளமாகப் போதும். பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்த கோப்பு ஒன்று வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரில் நிருபரோடு தொடர்பில் இருந்தது யார் என்று ஒரு பட்டியல் எடுத்தால் முடிந்தது, என்ன பேசினார் என்று யாரும் படிக்கவே வேண்டாம். சிக்னல் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்வதில்லை.

இதை நான் விளம்பரத்தை நம்பிச் சொல்லவில்லை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் குழு), இரண்டு போன் நம்பர்களைக் கொடுத்து விவரம் கேட்டு சிக்னலுக்குச் சம்மன் அனுப்பியது. அதில் ஒரு நம்பருக்குத்தான் கணக்கே இருந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வரோடு இணைந்தது. அவ்வளவுதான். பெயர் இல்லை, தொடர்புகள் இல்லை, குழுக்கள் இல்லை. சம்மன் வந்ததையே வெளியே சொல்லக்கூடாது என்ற தடையையும் எதிர்த்து, அந்தக் காகிதங்களைப் பிறகு பொதுவில் போட்டார்கள். ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

சரி, இவ்வளவு நல்ல பூட்டு இருந்தும் உலகம் முழுக்க நிருபர்கள் ஏன் மாட்டுகிறார்கள்? பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 2024 டிசம்பர் 1 அன்று எடுத்த கணக்கில் 361 பத்திரிகையாளர்கள் சிறையில் இருந்தார்கள். அதில் நிறையப் பேர் உள்ளே போனது ரகசியமாகப் பேசியதற்காக அல்ல, பகிரங்கமாக எழுதியதற்காக. தேசத்துரோகம், பயங்கரவாதத்துக்கு உதவி, பொய்ச் செய்தி பரப்பியது என்று வழக்குக்கு ஏதாவது ஒரு பெயர். அச்சான கட்டுரையே ஆதாரமாக இருக்கும்போது எந்த ஆப்பும் எதையும் காப்பாற்றாது. சிக்னல் காப்பாற்றுவது உங்களை அல்ல, உங்களிடம் பேசியவரை. இந்த வித்தியாசம் புரியாமல் "சிக்னல்ல பேசினோம்ல, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த ஒரு வேலையிலும் சட்டம் ஆப்பின் பக்கம் போவதில்லை, நேராக உங்கள் சட்டைப்பையைப் பார்த்து வருகிறது. 2013-இல், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நிருபரின் துணைவர் டேவிட் மிராண்டாவை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் நிறுத்தி வைத்து, கையிலிருந்த கருவிகளையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். காரணம் காட்டியது பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பத்திரிகை ஆவணங்களுக்கு அந்தச் சட்டப்பிரிவில் போதுமான பாதுகாப்பு இல்லை என்று சொன்னது. ஆனால் அன்றைக்குப் போன பொருள் போனதுதான். அதே பிரிட்டனில் பூட்டைத் திறக்கும் சாவியைக் கொடு என்று முறைப்படி கேட்டு நீங்கள் மறுத்தால் 2 ஆண்டு வரை சிறை, தேசப் பாதுகாப்பு வழக்கென்றால் 5 ஆண்டு வரை. திறந்த போன் அவர்கள் கையில் இருக்கிறது என்றால் உலகின் மிகச் சிறந்த என்கிரிப்ஷனும் ஒன்றும் செய்யாது, நீங்கள் படிப்பது போலவே அவர்களும் உட்கார்ந்து படிப்பார்கள்.

போனை வாங்கவே தேவையில்லாத வழியும் உண்டு. 2021-இல் வெளியான, போனுக்குள் ரகசியமாக நுழையும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளின் விவகாரம் நினைவிருக்கும். கசிந்த 50,000-க்கும் மேற்பட்ட நம்பர்கள், அவற்றில் குறைந்தது 180 பத்திரிகையாளர்களுடையது. பட்டியலில் இருந்த எல்லாப் போனிலும் உளவு மென்பொருள் நுழைந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் பரிசோதித்த பல போன்களில் தடயம் கிடைத்தது. அந்த மென்பொருள் திரையில் தெரிவதை அப்படியே எடுத்துக்கொள்ளும். மெசேஜ் வழியில் எவ்வளவு பத்திரமாக வந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆகவே மறையும் மெசேஜ்தான் சிக்னலில் எனக்கு மிக முக்கியமான வசதி. இல்லாததை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. சில விநாடியிலிருந்து நாலு வாரம் வரை டைமர் வைக்கலாம், 2021-இலிருந்து எல்லாப் புது உரையாடலுக்கும் பொதுவாக ஒரே நேரத்தை வைத்துவிடவும் முடிகிறது. முதல் பத்தியில் நான் மாட்டியதும் இங்கேதான்.

இந்தத் தொழிலில் இரண்டு சட்டங்கள் இரண்டு பக்கமும் இழுக்கும். ஒருபக்கம் சோர்ஸைக் காட்டிக்கொடு என்று கேட்கும் சட்டம், அதற்கு எதுவுமே கையில் இல்லாமல் இருப்பது நல்லது. மறுபக்கம் அவதூறுச் சட்டம், அதற்கு எல்லாமே கையில் இருப்பது நல்லது. எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் எங்கே விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அரசுப் பதவியில் இருப்பவர் வழக்குப் போட்டால், பொய் என்று தெரிந்தே அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர்தான் காட்ட வேண்டும், 1964-லிருந்து அதுதான் நிலை. இங்கிலாந்தில் உண்மை என்று நிரூபிப்பது எழுதியவர் தலையில். பொதுநலனுக்காக எழுதினேன் என்று வாதாடினாலும், வெளியிடும் முன் என்னென்ன விசாரித்தாய் என்று கேட்பார்கள். அப்போது "டைமர் வைத்திருந்தேன் ஐயா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நோட்டீஸ் வந்த பிறகு அவசர அவசரமாக அழிப்பதோ இன்னும் மோசம், பல இடங்களில் ஆதாரத்தை அழித்ததாகத் தனி வழக்கே வரும்.

சிக்னல் இதில் உங்களுக்கு உதவாது, உதவ வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு சோர்ஸோடும் முதல் நாளே பேசிவிடுகிறேன், எது மறையும், எதை எழுதி வைப்பேன், யார் பெயர் எங்கேயும் இருக்காது என்று. தகவலின் சாரத்தையும் தேதியையும் பெயரில்லாமல் குறிப்பாக எடுத்து, நெட் இணைப்பே இல்லாத, தனியாகப் பூட்டிய ஒரு டிரைவில் போடுகிறேன். அப்புறம்தான் டைமர். ஒரு சோர்ஸ் "அப்படீன்னா நீங்க எழுதி வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு மூன்று வாரம் பேசவே இல்லை. நியாயமான பயம்தான், குறை சொல்ல முடியவில்லை.

சோர்ஸைச் சொல்ல மாட்டேன் என்று நிற்பது பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் நிருபர் பில் குட்வின் மறுத்ததற்காக 5,000 பவுண்டு அபராதம் கட்டினார், 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜூடித் மில்லர் 2005-இல் 85 நாள் அமெரிக்கச் சிறையில் இருந்தார், கடைசியில் அவருடைய சோர்ஸே சம்மதம் கொடுத்த பிறகுதான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேரிடமும் கேட்டது மெசேஜை அல்ல, வாய் திறந்து ஒரு பெயரை. அதற்கு எந்த ஆப்பிலும் டைமர் கிடையாது.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜூனில் வந்த முகம் மறைக்கும் கருவி அருமை, போராட்டத்தில் எடுத்த படத்தை அனுப்பும் முன் முகங்களை மங்கலாக்கிவிடலாம், அந்த வேலை முழுக்க உங்கள் போனுக்குள்ளேயே நடக்கும். தானாகக் கண்டுபிடிப்பதில் ஒன்றிரண்டு முகம் தப்பும், விரலால் தேய்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழைப்பின் ஒலி நன்றாகவே இருக்கிறது. நோட்டிபிகேஷனில் பெயரும் செய்தியும் தெரியாதபடி வைக்கலாம், இதைச் செய்யாமல் மேஜையில் போனை மல்லாக்கப் போட்டு வைக்கும் நிருபர்களை எனக்குத் தெரியும்.

பதிவுப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது, பின் நம்பர் இல்லாமல் உங்கள் நம்பரை வேறு போனில் யாரும் பதிவுசெய்ய முடியாது. கட்டாயம் போடுங்கள். 2022-இல் சிக்னலுக்கு எஸ்எம்எஸ் சரிபார்ப்பு செய்துகொடுத்த நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தபோது சுமார் 1,900 பேரின் நம்பர்கள் ஆபத்தில் இருந்தன. பழைய மெசேஜ் எதுவும் போகவில்லை, ஆனால் உங்கள் பெயரில் வேறு யாரோ உங்கள் சோர்ஸோடு பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே போல் இணைக்கப்பட்ட கருவிகள் பட்டியலை அடிக்கடி எட்டிப் பாருங்கள். 2025 தொடக்கத்தில், ரஷ்யா சார்புக் குழுக்கள் போலி கியூஆர் கோடு அனுப்பி, குழுவில் சேர அழைப்பது போல ஏமாற்றி, பிறர் கணக்கைத் தங்கள் கருவியோடு இணைத்துக்கொண்டதை கூகுள் வெளியிட்டது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, ஆளே கதவைத் திறந்துவிட்டார்.

மனிதத் தவறு என்றால் 2025 மார்ச் கதையை விட முடியுமா. ஏமன் மீதான தாக்குதலைப் பற்றி அமெரிக்காவின் பெரிய தலைகள் பேசிக்கொண்ட சிக்னல் குழுவில், தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். சோர்ஸே இல்லாமல் செய்தி தானாக வீடு தேடி வந்தது. எனக்கு ஒரு நாளும் இப்படி நடக்காது.

குறை என்று பார்த்தால், முதலில் தடை. ஈரான், சீனா, ரஷ்யா என்று அது அதிகம் தேவைப்படும் இடங்களிலேயே முடக்கி வைத்திருக்கிறார்கள். வேறொரு சர்வர் வழியாகத் தடையைச் சுற்றிப் போகும் பிராக்ஸி வழி இருக்கிறது, ஆனால் பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு அதை யார் போய்ச் சொல்லிக்கொடுப்பது. இன்னொன்று, போனில் சிக்னல் இருப்பதே சில இடங்களில் சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. எல்லாரும் சாதாரணமாகப் பயன்படுத்தினால்தான் அது மாறும். நான் என் அம்மாவுக்கும் போட்டுக்கொடுத்தேன், அவர் அனுப்புவது முழுக்கக் காலை வணக்கம்தான்.

பெரிய குறை போன் நம்பர். 2024-இல் பயனர் பெயர் வசதி வந்த பிறகு எதிராளிக்கு நம்பரைக் காட்டாமல் பேச முடிகிறது, உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால் கணக்குத் தொடங்க இன்னமும் நம்பர் கேட்கிறது. சிம் கார்டுக்கு அடையாள அட்டை கட்டாயமான நாட்டில் இருக்கும் ஒரு அரசு ஊழியரிடம் "பயப்படாதீங்க, பதிவு பண்ணுங்க" என்று சொல்லும்போது, அவர் பதிலுக்குக் கேட்கும் முதல் கேள்வி "என் நம்பர் கேக்குதே, குடுக்கலாமா?" ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்த ஒன்றைக் குறைத்தது அந்தக் கேள்விக்காக.