இரண்டு இன்ச் உயரமும் ஒரு கிரீச் சத்தமும்

போன வாரம் திருமங்கலத்திலிருந்து நண்பன் போன் செய்தான். டபுள் கேபின் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறான். “மாப்ள, உன் வண்டிக்கு ஏதோ சஸ்பென்ஷன் செட்டு போட்டியே, எப்படி இருக்கு? நானும் போட்டுறவா?” ஒரு வரிக் கேள்விதான். ஆனால் அந்த நேரம் நான் வண்டிக்கு அடியில், கையில் கிரீஸ் கன்னும் முகத்தில் பாதி செம்மண்ணுமாக மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். “போடாத” என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி யோசித்துப் பார்த்தால் அது நியாயமான பதிலாகப் படவில்லை. முழுக்கப் பொய்யும் இல்லை.

என் வண்டி 2018 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப். செட்டு போட்டது 2022 ஆகஸ்டில், மாங்காய் சீசன் முடிந்த கையோடு. அதன் பிறகு 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முன்னால் இரண்டு இன்ச் உயர்த்தும் காயிலும் (சுருள் ஸ்பிரிங்), அதன் குதிப்பை அடக்கும் ஷாக்கும். பின்னால் ஸ்பிரிங் பட்டை முழுசாக, அதற்கான ஷாக், பட்டையின் ஒரு முனையைத் தொங்கவிடும் ஷேக்கிள், இவற்றைக் கோக்கும் ‘பின்’ என்ற இரும்புக் கம்பி, அந்தப் பின்னைச் சுற்றி ரப்பருக்குப் பதிலாக உட்காரும் பாலியூரித்தேன் புஷ். கூலியும் வீல் அலைன்மென்ட்டும் சேர்த்து 1,40,000 ரூபாயை ஒட்டி வந்தது. வீட்டில் சொன்ன கணக்கு வேறு. செட்டு எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், பெயரைச் சொல்லி வம்பு எதற்கு.

எதற்குப் போட்டேன் என்றால், நத்தம் தாண்டி மலையடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர். முதலில் டிராக்டர் தடம் விழுந்த செம்மண், நடுவில் ஓர் ஓடை, கடைசியில் பாறை மேலேயே ஏறும் ஒரு மேடு. பிக்கப்பின் பின்பக்கப் பட்டை சுமைக்கென்று செய்தது. சுமை இல்லாமல் போனால் அது வளைவதே இல்லை, வண்டிதான் குதிக்கும். எந்தக் கம்பெனி பிக்கப்புக்கும் பிறவிக் குணம் இது. தோப்புக்குப் போகும்போது காலியாகத்தான் போகிறோம். பின்சீட்டில் உட்கார்ந்த அக்கா ஒருநாள் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “நான் வேணா பஸ்ல வந்து நடந்துக்கிறேன்” என்றாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலம் இருக்கிறதே, 2023 ஏப்ரலில் திறந்தது, சஸ்பென்ஷனைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் மதுரையில் கிடையாது. பாலத்தின் ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் ஒரே வேகத்தில் தாண்டிப் பாருங்கள். நல்ல ஷாக் என்றால் ‘தட்’ என்று ஒரு சத்தம், அதோடு முடிந்தது. ஓய்ந்துபோன ஷாக் என்றால் ‘தட்’டுக்குப் பிறகு வண்டி இரண்டு தரம் தலையாட்டிவிட்டுத்தான் அடங்கும். என் வண்டி பாலம் முழுக்க ‘தட்’, ‘தட்’ என்றே போகும், தலையாட்டாது. மூன்றரை வருடம் கழித்து இன்றும் அப்படித்தான்.

ஆனால் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு இடத்தில் இருந்தது. சீசனில் தோப்பிலிருந்து மாட்டுத்தாவணிக்குக் காய் ஏற்றுவேன். 15 டிரே, டிரேக்கு 20 கிலோ. முன்பெல்லாம் இறக்கும்போது அடி டிரேயில் காம்பு ஒடிந்து, பால் வடிந்து, தோல் கறுத்த காய் நிச்சயம் இருக்கும். கல்லாமைக்கு அது பெரிய விஷயமில்லை, தாங்கும். இமாம்பசந்துக்குத் தோல் மெல்லிசு. செட்டு போட்ட அடுத்த சீசனில் இறக்கும்போது கமிஷன் கடைக்காரர் அடி டிரேயில் கையை விட்டுத் துழாவிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த டிரேக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. சுமையோடு இந்தப் பட்டை வேலை செய்கிற அழகே தனி. பின்பக்கம் தொங்காது, முன்பக்கம் தூக்காது, எதிரே வருகிறவர் கண்ணில் நம் ஹெட்லைட் அடிக்காது.

சரி, சுமை இல்லாதபோது? அங்கேதான் என் வாய் செய்த வேலை. பட்டை வாங்கும்போது, எப்போதும் வண்டியில் எவ்வளவு எடை இருக்கும் என்று கேட்பார்கள். அதற்கேற்ற பட்டையைத்தான் தருவார்கள். நான் பெரிய விவசாயி மாதிரி “300 கிலோ” என்றேன். சீசன் இரண்டரை மாதம். மீதி ஒன்பதரை மாதம் என் வண்டியில் இருப்பது இரண்டு உர மூட்டை, ஒரு மண்வெட்டி, சில நாள் நாய். வருடத்தில் முக்கால்வாசி நாள் தேவைக்கு மேல் விறைப்பான பட்டையில் உட்கார்ந்து போகிறேன். ஷாக் நன்றாக இருப்பதால் ஒரு குதியோடு அடங்குகிறது, ஆனால் அந்த ஒரு குதி இடுப்பில்தான் இறங்குகிறது. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் சீசனை மறந்துவிட்டு, சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு, அது என் அறியாமை. இரண்டு இன்ச் உயர்ந்தால் பாறை இடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாடி உயரும், சேஸிஸ் உயரும். பின் அச்சு நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர் கூட உயராது. அது அச்சோடு இருக்கிறது, அச்சு டயரோடு இருக்கிறது. டயரைப் பெரிதாக்கினால்தான் அது உயரும். செட்டு போட்ட மறுவாரமே ஓடையில் அதே கல்லில் அதே இடத்தில் ‘டங்’ என்று இடித்தது. இறங்கிப் பார்த்தேன். கல்லில் பழைய கீறலுக்குப் பக்கத்திலேயே புதுக் கீறல்.

இதையும் சொல்லிவிட வேண்டும்: தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, 34 பிஎஸ்ஐ இருக்கிற டயரை 22க்கு இறக்கினால் பாதி அதிர்வு அங்கேயே போய்விடும். செலவு, திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர். இந்த வித்தையை 1,40,000 ரூபாய் செலவழித்த பிறகுதான் கற்றேன்.

இனி சத்தத்துக்கு வருகிறேன்.

போட்டு ஐந்தாவது மாதம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரும்புக் கட்டில் ஒன்று இருக்கிறது. அதில் புரண்டு படுத்தால் வரும் அதே ‘கிரீ...ச்’. வேகமாகப் போனால் வராது. சுமை இருந்தால் வராது. காலி வண்டி, 20க்குக் கீழே வேகம், ஸ்பீடு பிரேக்கர் அல்லது குழி என்றால் தவறாமல் வரும். அதாவது தெருவுக்குள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் மட்டும் வரும். விடிகாலை நாலு மணிக்குக் காலியாக மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மூட்டை மேல் தூங்குகிறவர்கள் எழுந்து பார்ப்பார்கள். அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டு கேட்டைத் திறந்து வைத்துவிடுவாள்.

விற்றவருக்கு போன் போட்டேன். “பாலி புஷ்னா சத்தம் வரும் சார், நார்மல்.” காசு வாங்கும்வரை எதுவுமே நார்மல் இல்லை, எல்லாம் ஸ்பெஷல். வாங்கிய பிறகு எல்லாம் நார்மல். மாட்டிக்கொடுத்த மெக்கானிக் நல்ல மனுஷன். “போகப் போக செட் ஆயிரும்ணே” என்றார். ஆகவில்லை. துரு எடுக்கும் ஸ்பிரேயை அடித்தோம். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழையதைவிடச் சத்தம். பின்கதவு என்று சந்தேகப்பட்டு ரப்பர் ஒட்டினேன். டூல் பாக்ஸைக் கழற்றினேன். ஷாக்கை மாற்றச் சொன்ன ஒருவரும் உண்டு, நல்லவேளை கேட்கவில்லை.

தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒருநாள் வண்டி வந்து நிற்கிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “அச்சுக்கு மை போடலியாப்பா?” என்றார். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். போடாத வண்டி இப்படித்தான் ஊரைக் கூட்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். கிரீஸ்தான் தவறாமல் அடிக்கிறோமே.

இந்த செட்டில் பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு மூன்று பின், ஆக ஆறு கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கு. ஆறிலும் கன்னை வைத்து அமுக்குவோம். நிப்பிளைச் சுற்றி கிரீஸ் பிதுங்கினால் ‘ஃபுல்’ என்று அடுத்ததற்குப் போய்விடுவோம். தப்பு அங்கேதான். பிதுங்க வேண்டியது நிப்பிளில் இல்லை, புஷ்ஷின் ஓரத்தில். பழைய கறுத்த கிரீஸ் ஓரமாக வெளியே வர வேண்டும், அதன் பின்னால் புதுசு வர வேண்டும். அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

போன மாதம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். அவனைப் பின்பக்க பம்பரில் ஏறிக் குதிக்கச் சொன்னேன். நான் இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலோடு அடியில் படுத்தேன். அவன் குதிக்க, நான் ஒவ்வொரு புஷ்ஷிலும் தண்ணீர் பீய்ச்சினேன். வலது பக்கம் மூன்றும் நனைந்தும் கிரீச் தொடர்ந்தது. இடது பக்கம் பட்டையின் முன்முனையில் இருக்கும் பின்னும் நனைந்தது, தொடர்ந்தது. இடது ஷேக்கிளின் மேல் புஷ்ஷில் பீய்ச்சியதும் சட்டென்று நின்றது. “மாமா, நின்னுருச்சு!” என்று மேலே இருந்து கத்தினான். மூன்று வருடம் நான்கு பேர் தேடியதைத் தண்ணீர் பாட்டில் பத்து நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தது.

மறுநாள் அந்தப் பின்னைக் கழற்றினோம். பின்னின் தலையில் நிப்பிள். உள்ளே ஒரு துளை ஓடி, நடுவில் பக்கவாட்டில் திறக்க வேண்டும். அந்தப் பக்கவாட்டுத் துளையில் கறுப்புப் பெயிண்ட் கல்லாக இறுகியிருந்தது. தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்தவர் அடிக்கும் முன் துளையை மறைக்கவும் இல்லை, பிறகு யாரும் குத்திப் பார்க்கவும் இல்லை. போட்ட நாளில் தடவிய கிரீஸோடு சரி, அதற்குப் பிறகு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. 3 மில்லிமீட்டர் டிரில் பிட், இரண்டு நிமிஷம், வழி திறந்துவிட்டது. பின்னில் கோடு கோடாகத் தேய்மானம், புஷ்ஷில் செம்மண் மாவு. புஷ் ஒரு ஜோடி 1,800 ரூபாய். பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வெற்றிலைக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

சத்தம் நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை. பெயிண்ட்டைக்கூட மன்னித்துவிடலாம். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம், மழைக்காலம் என்றால் ஓடையில் தண்ணீர் தாண்டிய ஒவ்வொரு வாரமும், நான் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனியோடு வந்த ரப்பர் புஷ் நாலு வருடம் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. நண்பன் போன் செய்தபோது நான் படுத்திருந்தது இதற்குத்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் உயர்த்தினால் சக்கரத்தின் சாய்வு மாறும், புதுக் காயில் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமரும். அதனால் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை, முன் டயர் இரண்டும் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையானது. முன் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவையும், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதையும் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள், இன்ஷூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள். நான் போட்ட பிறகுதான் படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவள் ஏறுவதற்கென்று பின்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் கிடக்கிறது. இப்போது சத்தம் இல்லாததால் வீட்டுக் கேட்டையும் நானே இறங்கித்தான் திறக்க வேண்டும்.

நேற்று நண்பனைக் கூப்பிட்டு, கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன். “உனக்குத் தோப்பு கிடையாது. நாலு ஷாக்கை மட்டும் நல்லதா மாத்து, மண்ரோட்டுல காத்தைக் குறை, போதும். இந்தப் பட்டை, பாலி புஷ் எல்லாம் வேண்டவே வேண்டாம்.”

“அவ்வளவு மோசம்னா கழட்டி எனக்குக் குடு மாப்ள, பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்” என்றான்.

“தரமாட்டேன்” என்றேன்.

“முக்கால் விலை?”

மாங்காய் சீசன் வருகிறது, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.