மொத்த கான்ட்ராக்டா, லேபர் கான்ட்ராக்டா, நாள் சம்பளமா? வீடு கட்டுபவர் பார்க்க வேண்டிய கணக்கு

வீடு கட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "கான்ட்ராக்ட்ல விடுறீங்களா, நீங்களே கட்டுறீங்களா?" என்பதுதான். கேட்பதற்கு இரண்டு வழி போலத் தெரிந்தாலும் தமிழ்நாட்டில் நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பொருள், ஆள் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒருவரிடம் ஒப்படைப்பது மொத்த கான்ட்ராக்ட். சிமென்ட், கம்பி, செங்கல், மணலை நாம் வாங்கிப் போட, மேஸ்திரி ஆள் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வது லேபர் கான்ட்ராக்ட். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாமே நாள் சம்பளம் கொடுத்து வேலை வாங்குவது மூன்றாவது. கடைசி இரண்டிலும் கான்ட்ராக்டர் நாற்காலியில் உட்காருவது நாம்தான்.

எது மலிவு என்று கேட்பதற்கு முன்னால், எந்த முறையில் யாருக்கு எதை மிச்சம் பிடித்தால் லாபம் என்று பார்த்துவிடுவது நல்லது. மொத்த கான்ட்ராக்டில் பொருள் மிச்சமானால் கான்ட்ராக்டருக்கு லாபம். லேபர் கான்ட்ராக்டில் பொருள் நம்முடையது. மேஸ்திரிக்கு நாள் மிச்சமானால் போதும், சிமென்ட் எத்தனை மூட்டை போகிறது என்பது அவர் கவலை இல்லை. நாள் சம்பளத்தில் யாருக்கும் எதையும் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமே கிடையாது. தவறு எங்கே நடக்கும் என்பதை இதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மொத்த கான்ட்ராக்டில் முதல் சிக்கல் சதுர அடி விலை. இரண்டு பேர் கொட்டேஷன் கொடுத்து, ஒருவர் 200 ரூபாய் குறைவாகப் போட்டிருந்தால் அவர் மலிவு என்று அர்த்தமில்லை. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம், எலிவேஷன் (முகப்பு) வேலை இவையெல்லாம் உள்ளே இருக்கிறதா, தனியா? பால்கனிக்கு முழு அளவா, பாதியா? பேஸ்மென்ட், அதாவது வீடு நிற்கும் அடிமேடை, தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? ரோட்டை விடத் தாழ்ந்த மனையில் ஓர் அடி கூடுதலாக உயர்த்த வேண்டி வந்தால், அங்கேயே "எக்ஸ்ட்ரா" தொடங்கிவிடும். டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, கதவு என்ன மரம், வயரும் சுவிட்சும் எந்த பிராண்டு என்பதையும் எழுதி வாங்க வேண்டும். "நல்ல தரமான" என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதற்கும் பயன்படாது.

அதைவிட முக்கியம் பணம் கொடுக்கும் வரிசை. பல ஒப்பந்தங்களில் ரூஃப் போட்டு முடிக்கும்போது எழுபது, எண்பது சதவீதம் கைமாறியிருக்கும். வீட்டின் செலவோ அப்படிப் போவதில்லை. பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், பிளம்பிங், வயரிங், பெயின்ட் எல்லாம் ரூஃபுக்குப் பிறகுதான் வருகின்றன. அவை சேர்ந்தால் ஏறக்குறைய பாதி வீட்டுச் செலவு. எண்பது சதவீதம் வாங்கியவருக்கு மீதி இருபதுக்காகப் பாதி வேலையைச் செய்ய என்ன ஆர்வம் இருக்கும்? கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை என்ற புலம்பல் பெரும்பாலும் பூச்சு வேலைக் கட்டத்தில் கேட்பதற்குக் காரணம் இதுதான். முடிந்த வேலைக்குப் பின்னால் பணம் போகும்படி வரிசை போட்டு, கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ளும் கான்ட்ராக்டர் கிடைத்தால், மொத்த கான்ட்ராக்ட் நல்ல வழியே. வேலைக்குப் போகும் தம்பதிக்கு அதுதான் நிம்மதியும்கூட.

லேபர் கான்ட்ராக்டில் கதை வேறு. இங்கே பொருளில் ஏமாற்று குறைகிறது, ஆனால் வாங்குவதும் அளப்பதும் நம் தலையில். கம்பியை எடுத்துக்கொள்வோம். 12 மி.மீ. கம்பி ஒன்று 12 மீட்டர் நீளம். எடை சுமார் 10.66 கிலோ. 8 மி.மீ. என்றால் 4.74 கிலோ. (விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும்.) 8 மி.மீ. கம்பியில் மொத்தமாக ஏழு சதவீதம் வரை எடை கூடலாம், குறையலாம் என்று கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786-ஏ அனுமதிக்கிறது. ஆக நூறு கம்பி 474 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 441 கிலோ இருந்தாலும் அது விதிக்குள்தான். கடைக்காரர் எண்ணிக்கைக் கணக்கில் பில் போட்டால் இல்லாத 33 கிலோவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம். அதனால் எடை மேடைச் சீட்டை வாங்கிக்கொண்டு, இறக்கும்போது கம்பியையும் எண்ண வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதில் பயனில்லை.

எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. டிப்பரின் உள் அளவு 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஓரத்தில் மூன்றடி தெரிந்து நடுவில் பள்ளமாக இருந்தால்? மேலே ஏறி மட்டப்படுத்தச் சொல்லி அளக்க வேண்டும். டிரைவர் முகம் சுளிப்பார். பரவாயில்லை. ஈரமான மணல் உப்பி நிற்கும் என்பதால் ஈரத்தோடு வரும் லோடில் அளவு சரியாக இருந்தாலும் சரக்கு குறைவுதான்.

பொருள் சரியாக வந்தாலும் அது எப்படிப் போகிறது என்பது அடுத்த கவலை. சுவரைத் தூக்குக் குண்டு பார்த்து நேராகக் கட்டினால் உட்பூச்சு அரை அங்குலத்தில் முடிந்துவிடும். அவசரத்தில் கோணலாகக் கட்டிவிட்டு, பூசும்போது சரிசெய்தால் ஓர் அங்குலம் ஆகும். மேஸ்திரிக்கு கட்டும்போது நாள் மிச்சம், நமக்கு கலவை இரண்டு மடங்கு. இப்படியே சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும். ஷீட்டும் முட்டும் அவர் முதலீடு. சீக்கிரம் பிரித்தால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதிப்படி, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு ஏழு நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். இது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு. கடையில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி.க்கு (போர்ட்லேண்ட் பொசோலானா சிமென்ட்) இன்னும் சில நாள் விடுவது நல்லது. தண்ணீர் நிறுத்துவதும் அப்படித்தான்: பி.பி.சி. என்றால் குறைந்தது பத்து நாள். மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது யார் வேலை என்று முதலிலேயே பேசாவிட்டால் அது யார் வேலையுமாக இருக்காது.

கான்கிரீட் நாளில் ஒரு காட்சி எல்லா இடத்திலும் நடக்கும். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று மில்லர் (கலவை இயந்திரம்) ஓட்டுபவர் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவார். வீட்டு ரூஃபுக்குப் போடும் எம் 20 தரக் கான்கிரீட்டில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. அந்த வாளியை நிறுத்தச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா என்பதில்தான் மூன்று முறைகளும் உண்மையில் வேறுபடுகின்றன. மொத்த கான்ட்ராக்டில் அங்கே நிற்பவர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர், அதாவது அவர் ஆள். லேபர் கான்ட்ராக்டில் அது நாம், நாம் அன்று ஆபீசில் இல்லாமல் இருந்தால்.

நாள் சம்பள முறையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. மராமத்து, ஒரு அறை கூட்டிக் கட்டுவது, பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து மாற்றுவது போல முன்கூட்டியே அளவு சொல்ல முடியாத வேலைக்கு அது சரி. வீட்டிலேயே கட்டட வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் நாள் முழுக்க நிற்க முடிந்தால் முழு வீட்டையும் அப்படிக் கட்டலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

சரி, பணம் எவ்வளவு மிச்சமாகும்? கான்ட்ராக்டரின் லாபம் முழுவதும் நம் பைக்கு வரும் என்று நினைப்பதில் ஒரு பிழை இருக்கிறது. வருடம் முழுக்க வாங்கும் அவருக்குக் கிடைக்கும் கடை விலை நமக்குக் கிடைக்காது. எலக்ட்ரீஷியன் ரூஃப் கான்கிரீட்டுக்கு முன் பைப் போட வராமல் ஒரு வாரம் இழுத்தால், அவருக்குக் கொடுக்க அடுத்த மூன்று வேலை கையில் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் பேச்சுக்குத்தான் மதிப்பு. வேலை நான்கு மாதம் தள்ளிப் போய், வாடகை மாதம் 15,000 என்றால் அதிலேயே 60,000 போச்சு. வங்கி வட்டி தனி. வங்கியும் பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் உத்தரம்), ரூஃப் என்று கட்டம் முடிந்த பிறகே பணம் விடும் என்பதால், பொருள் வாங்கும் நமக்கு முன்பணம் கையில் இருக்க வேண்டும்.

வரியில் மட்டும் நாமே கட்டுவதற்குத் தெளிவான அனுகூலம் உண்டு. தனி வீட்டுக்கான, ஆள் வேலை மட்டும் உள்ள ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. பதிவு பெற்ற கான்ட்ராக்டர் பொருளோடு கட்டிக் கொடுத்தால் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம். கொட்டேஷனின் கடைசி வரியில் பொடி எழுத்தில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஒரே நிதியாண்டில் ஒரு கான்ட்ராக்டருக்கு 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால், சொந்த வீடாக இருந்தாலும் நாம்தான் அவர் தொகையிலிருந்து டி.டி.எஸ். (முன்கூட்டிய வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல் அது 2 சதவீதம்.

என் தேர்வு லேபர் கான்ட்ராக்ட், ஆனால் நம் பக்கத்து ஆளாக ஒரு சிவில் என்ஜினீயரைத் தனியாகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு. மேஸ்திரி கூட்டி வந்தவராகவோ கம்பிக் கடைக்காரர் சொன்னவராகவோ அவர் இருக்கக் கூடாது. தினமும் வரத் தேவையில்லை. அஸ்திவாரக் கம்பி, பில்லர், ரூஃப் கம்பி, பூச்சுக்கு முன் வயரிங் பைப் என்று மூடிவிட்டால் பிறகு தெரியாத இடங்களைப் பார்த்தால் போதும். 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்ட, 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. வசதிதான். ஆனால் அது வரைபடத்துக்கான அனுமதி. உள்ளே கம்பி எத்தனை போகிறது என்று யாரும் வந்து எண்ணப் போவதில்லை.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரில் கட்டுபவர்கள் பெரும்பாலும் மாமனாரையோ மச்சானையோ நம்பி லேபர் கான்ட்ராக்டில் இறங்குகிறார்கள். அந்த உறவினர்கள் சிமென்ட் மூட்டையை எண்ணுவார்கள், சனிக்கிழமை சம்பளம் கொடுப்பார்கள். கம்பி இடைவெளி ஆறு அங்குலமா எட்டா என்று மேஸ்திரியிடம் சண்டை போட மாட்டார்கள். போட்டால் நாளை ஊரில் முகம் பார்க்க வேண்டுமே. அந்தச் சண்டையை என்ஜினீயரிடம் விட்டுவிடுங்கள். அவர் கம்பியைப் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை மில்லர் வரக் கூடாது என்பதை லேபர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.