பைலகுப்பே தங்கக் கோயில்: ஒரு மணி நேரம் பத்தாது

கிருஷ்ணகிரியில் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை எனக்கு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் கண் முதலில் வேலைப்பாட்டின் மீதுதான் போகும். குடகு டூர் வேனில் போனபோது, கர்நாடகத்தில் திபெத்தியர்கள் குடியேறியிருக்கும் பைலகுப்பேயில் நாம்டிரோலிங் என்ற பௌத்த மடாலயத்தில் இறக்கிவிட்டார்கள். அங்குள்ள தங்கக் கோயில் 1999இல் திறந்தது. திபெத்திய பாணி.

நம்ம பக்கத்துக் கோபுரம் மாதிரி எதுவும் இல்லை. முகப்பு உச்சியில் எட்டு ஆரச் சக்கரம், இருபுறமும் அதை அண்ணாந்து பார்க்கும் மான்கள். சாரநாத் மான் வனத்தில்தான் புத்தரின் முதல் உபதேசம். எட்டு ஆரங்கள் அவர் போதித்த எண்வழிப் பாதையைக் குறிப்பவை.

உள்ளே சுமார் அறுபதடி உயரத்தில் மூன்று சிலைகள், செம்பில் தங்க முலாம். நடுவில் புத்தர். அவருடைய வலது கை விரல்களை நிதானமாகப் பாருங்கள், தரையை நோக்கி இறங்கியிருக்கும். ஞானம் பெற்றதற்குப் பூமியையே சாட்சிக்கு அழைத்த நேரம் அது. மற்ற இரண்டில், திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுபோன குரு பத்மசம்பவர் கையில் வஜ்ராயுதம், நீண்ட ஆயுளுக்கான புத்தரான அமிதாயுஸ் மடியில் ஆயுள் கலசம். சிலைகளுக்குள்ளே மறைநூல்களும் சின்னக் களிமண் ஸ்தூபிகளும் வைத்திருக்கிறார்களாம். யார் கண்ணிலும் படாத இடத்தைக்கூட வெறுமனே விடவில்லை! அந்த வேலைக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

வேன்காரர் கொடுத்தது ஒரே மணி நேரம், பாதி செல்ஃபி கூட்டத்திலேயே போய்விட்டது. ஓசூர், மைசூரு வழியாகச் சொந்தமாகப் போங்கள். அப்புறம், மந்திரங்கள் அடங்கிய பிரார்த்தனை உருளைகளைக் கையால் சுழற்றும்போது வலம் வரும் திசையில்தான் சுற்ற வேண்டும். குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.