காய்கறி இறக்குமதி: சிங்கப்பூரும் இலங்கையும்

சிங்கப்பூரில் விவசாய நிலம் ஒரு சதவீதம்கூட இல்லை. தேக்கா சந்தையின் தக்காளியும் கத்தரிக்காயும் பெரும்பாலும் மலேசியாவிலிருந்து வருபவை. அங்கே காய்கறி விளையும் கேமரன் மலையில் அடைமழை என்றால் இங்கே விலை ஏறும். சரி, மலேசியா கைவிட்டால்? சீனா, இந்தியா, ஆஸ்திரேலியா என்று வேறு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. 2030க்குள் 30 சதவீத உணவை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019இல் அறிவித்த இலக்கை 2025இல் கைவிட்டார்கள்.

இலங்கையின் கதை வேறு. கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) எல்லாம் நுவரெலியாவிலிருந்தே இறங்கிவிடும். பெரிய வெங்காயத்துக்குத்தான் இந்தியாவைப் பார்க்க வேண்டும். உள்ளூரில் தம்புள்ளை வெங்காய அறுவடை ஆண்டு முழுக்கப் போதாது. என் கணக்கில் இந்த ஒற்றைப் பிடிதான் ஆபத்து. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்ததும் கொழும்பில் விலை எகிறியது. பருப்புக்குத் தாளிக்கவே யோசிக்க வேண்டியதாயிற்று.