ஸ்கைரிம்: டிராகன் சலித்த பிறகும் சலிக்காத ஆட்கள்

2011இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் என் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது. டிராகன் வேட்டை எப்போதோ சலித்துவிட்டது. இப்போது நான் உள்ளே போவது அரியணையில் இருக்கும் ஆட்களைப் பார்க்கத்தான்.

பேரரசை எதிர்த்துக் கலகம் செய்யும் வின்ட்ஹெல்ம் நகர ஆட்சியாளர் உல்ஃப்ரிக் ஸ்டார்ம்க்ளோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டேலோஸ் என்ற கடவுளின் வழிபாட்டைத் தடைசெய்யும் ஒப்பந்தத்தில் பேரரசு கையெழுத்துப் போட்டதால் வாளெடுத்த மானஸ்தன் என்றுதான் முதல் ஆட்டத்தில் தெரிவார். பேரரசோடு போரிட்ட எல்ஃப் கூட்டமான தால்மோரின் தூதரக விருந்துக்குள் நுழையும் மிஷனில் அவரைப் பற்றிய கோப்பு ஒன்று சிக்கும். பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடாமல் படியுங்கள். அந்தப் பெரும்போரில் பிடிபட்டவரை தால்மோர் அதிகாரி எலென்வென் விசாரிக்கிறாள். அவர் கக்கிய தகவலால்தான் பேரரசின் தலைநகரம் விழுந்தது என்று அவரையே நம்பவைக்கிறார்கள். அவர் வாய் திறக்கும் முன்பே நகரம் விழுந்தாகிவிட்டது! பிறகு 'தப்பிக்க' விடுகிறார்கள். அதற்கப்புறம் அவருடைய வீராவேசப் பேச்சைக் கேட்டால், ஊரை ஏமாற்றுகிறாரா, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறாரா என்று சந்தேகம் வரும். அவர் ஜெயிப்பதும் தால்மோருக்குப் பிடிக்காது. சண்டை இழுத்துக்கொண்டே போனால் போதும். இந்தக் கோப்பை அவரிடமே நீட்ட ஒரு வசனம்கூட வைக்காதது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

சாலிட்யூட் நகரை ஆளும் எலிசிஃப் வேறு ரகம். வுல்ஃப்ஸ்கல் குகையில் ஏதோ நடக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னதுமே படையை அனுப்பக் கிளம்புகிறாள். அவள் மனம் நோகாமல் அதைக் குறைப்பது அவளுடைய நிர்வாகி ஃபால்க் ஃபயர்பியர்ட். ஆள்வது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? ஃபால்க்ரீத்தின் ஜார்ல், அதாவது ஆட்சியாளன், சிட்கேர் கொள்ளையரிடம் பங்கு வாங்கிவிட்டு, அவர்களைத் தீர்த்துக்கட்டவும் நம்மையே அனுப்புவான். அவ்வளவுதான் அவன்.

எனக்குப் பிடித்தவர் வைட்ரனின் ஜார்ல் பால்க்ரூஃப், உள்நாட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவர். ஹெல்கன் ஊரை டிராகன் எரித்துவிட்டது, பக்கத்தில் இருக்கும் தன் ரிவர்வுட் கிராமத்துக்குக் காவல் அனுப்ப வேண்டும். அந்த நேரத்திலும் அவருடைய ஆலோசகர் ப்ரோவென்டஸின் கவலை, பக்கத்து ஃபால்க்ரீத் ஜார்ல் தப்பாக நினைத்துக்கொள்வாரே என்பதுதான். நடுநிலையின் விலை அந்த ஒரு நிமிட வாக்குவாதத்தில் தெரிந்துவிடும்.

வாள்சண்டை இன்றைக்குப் பழசாகத் தெரிகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முறை ஆடுங்கள். பேரரசு ஜெயித்தால் வின்ட்ஹெல்மில் உல்ஃப்ரிக்கின் இடத்துக்கு ப்ருன்வுல்ஃப் ஃப்ரீ-விண்டர் வருவார், டார்க் எல்ஃப்களுக்காகப் பேசும் நல்ல மனிதர். அவர்கள் வாழும் கிரே குவார்ட்டர் பக்கம் போய்ப் பாருங்கள். அதே இடிந்த சந்துதான்.