கார் ஷெட்டில் மரவேலை: டேபிள் சாவா, சர்க்குலர் சாவா, கைரம்பமா?

வீட்டுக் கார் ஷெட்டில் மரவேலை ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விலை விசாரிப்பது டேபிள் சாவைத்தான்: மேஜைக்கு நடுவில் வட்ட பிளேடு சுழலும், மரத்தை அதில் தள்ளி அறுக்க வேண்டும். யூடியூபில் அமெரிக்கக் கராஜ்களைப் பார்த்து வந்த ஆசை. அங்கே இரண்டு கார் நிற்கும் இடம் இருக்கும். நம் ஊரில் 10க்கு 18 அடி இருந்தாலே நல்ல ஷெட். அதிலும் ராத்திரி காரை உள்ளே விட்டாக வேண்டும்.

டேபிள் சா மெஷின் என்னவோ இரண்டரை அடிதான். ஆனால் 8க்கு 4 பிளைவுட்டை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி வேண்டும். அதற்கே 16 அடி போய்விட்டது. கேட்டைத் திறந்து வாசலில் நின்றுதான் தள்ள வேண்டும். 18 மி.மீ. ஷீட் ஒன்று 30 கிலோ அளவுக்குக் கனக்கும். தனி ஆளாகத் தள்ளும்போது ஷீட் கொஞ்சம் திரும்பினாலும் பிளேடின் பின்பக்கப் பற்கள் அதைக் கவ்வி உங்கள் மேலேயே வீசும். கிக்பேக் என்பது இதுதான். இதைக் குறைப்பதற்காகவே பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறது. இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு!

செலவை மிச்சம் பிடிக்க, மார்பிள் கட்டரைப் பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி டேபிள் சா ஆக்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதில் இந்தத் தகடும் கிடையாது, மேல் மூடியும் கிடையாது. கைபழகிய ஆசாரிகள் செய்வார்கள் என்பதற்காக வீட்டில் இறங்க வேண்டாம்.

சர்க்குலர் சா என்பது கையில் பிடித்து ஓட்டும் வட்ட பிளேடு மெஷின். இதில் கதையே வேறு. மரம் அசையாது, மெஷின்தான் நகரும். தரையில் தெர்மாகோல் அட்டை விரித்து ஷீட்டை அதன்மேல் போட்டு, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை இரண்டு கிளாம்பால் இறுக்கி, அதை ஒட்டி ஓட்டினால் 8 அடிக்கும் நேர்கோடு கிடைக்கும். வேலை முடிந்ததும் அலமாரிக்குள் வைத்துவிடலாம். பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இதில் பற்கள் கீழிருந்து மேலே வெட்டும், மேல்பக்கம்தான் சிலும்பாகும், அதனால் வெனீர் (அழகுக்காக ஒட்டிய மெல்லிய மரத்தகடு) பக்கம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும். டேபிள் சாவில் நேர் எதிர்.

தூசி விஷயத்தில் சர்க்குலர் சாதான் மோசம், ஷெட் முழுக்க அடிக்கும். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. அதனால் மாஸ்க், வாக்குவம் இரண்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கைரம்பம், இழைப்புளி, உளி என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. கரண்ட் போனாலும் வேலை நிற்காது, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கினாலும் பிரச்சினை இல்லை. தேக்குப் பலகையில் ஸ்டூலோ பெட்டியோ செய்ய இதுவே போதும்; நீளமாக அறுப்பதை மரவாடியிலோ சா மில்லிலோ முடித்துக்கொண்டு வரலாம். உளியைச் சாணைக்கல்லில் தீட்டப் பழகும்வரைதான் கஷ்டம். ஆனால் பிளைவுட்டில் அலமாரி செய்யப் போகிறீர்கள் என்றால் கைரம்பத்தை மறந்துவிடுங்கள், தோள்பட்டை கழன்றுவிடும்.

என் ஓட்டு சர்க்குலர் சாவுக்கு. கூடவே ஒரு இழைப்புளி, செங்கோணம் பார்க்க ஒரு மூலமட்டம், இரண்டு உளி.

அப்புறம் டேபிள் சா யாருக்குத்தான்? ஒரே அகலத்தில் இருபது சட்டம், பத்து டிராயர் என்று திரும்பத் திரும்ப அறுப்பவர்களுக்கு. மரம் ஒட்டி நகரும் தடுப்பான ஃபென்ஸை ஒருமுறை பூட்டிவிட்டால் கடைசிச் சட்டம்வரை அளவு மாறாது. சர்க்குலர் சாவில் ஒவ்வொரு தடவையும் அளந்து கிளாம்ப் போட்டாக வேண்டும். அந்த அளவுக்கு வேலை வருகிறது என்றால் வாங்குங்கள், ஓரமாகத் தள்ளிவைக்கச் சக்கர ஸ்டாண்டோடு. வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டில் ஒரு 16 ஆம்ப் பாயிண்ட் தனி வயரில் இழுத்துவிடுங்கள். ஃபேனும் லைட்டும் ஓடுகிற 6 ஆம்ப் பாயிண்டில் இதைச் சொருகக் கூடாது.